லாரி ரெடியாயிடுச்சா?

லாரிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் இன்று காலையும் எண்ணெய் தேங்கி நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அன்னிக்கு டேப்பட் கவர் பேக்கிங்னீங்க, மாத்தினோம். நேத்து டிரெயின் நட்டுக்கு வாஷர்னீங்க, அதையும் மாத்தினோம். இன்னும் ஒழுகுதே அண்ணே!"

மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது. ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தே எந்தக் கோளாறையும் சொல்லிவிடுவார் என்பதால் டிரைவர்கள் எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு ஒரு கிழட்டு லாரி வேட்டு வைக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"ஊருக்குள்ள லோடு அடிக்கன்னா சமாளிச்சிடலாம். அத்தை வீடு தூரம். வழியில ஆயில் வத்தி எஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னா நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான்," என்றான் அவள் கணவன். லாரி அவனுடையது, ஓட்டுவதும் அவன்தான்.

"அப்பா போனதுலேர்ந்து அம்மா அங்க ஒண்டியா கிடக்காங்க அண்ணே. இங்கயே கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாம்னு நாள் குறிச்சோம், அன்னிக்குப் பிடிச்சது இந்தச் சனியன். கட்டில், பீரோ, தையல் மெஷின்னு எல்லாத்தையும் கட்டி வெச்சுட்டு வழிமேல விழி வெச்சுக் காத்துட்டிருக்காங்க. விடிஞ்சா போதும், என்னைக்கூட கூப்பிட மாட்டாங்க, இவரைத்தான் கூப்பிடுவாங்க. 'மாப்பிள்ளை, லாரி ரெடியாயிடுச்சா?'ன்னு. பாவமா இருக்கு."

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு கை பார்த்துடறேன். தங்கச்சி, வீட்டுல முகத்துக்குப் போடற பவுடர் இருக்கா? டப்பாவோட எடுத்துட்டு வா."

எஞ்சினை டீசல் ஊற்றிக் கழுவி, இண்டு இடுக்கு விடாமல் துணியால் துடைத்துக் காயவிட்டார். சொட்டுவது கீழே என்றாலும் ஓட்டை மேலே எங்கேயாவதுதான் இருக்கும். ஓடும்போது காற்று வேறு எண்ணெயைப் பின்பக்கம் தள்ளி ஆளை ஏமாற்றிவிடும். மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும்போது ஈரம் எங்கே முதலில் தென்படுகிறதோ, அங்கேதான் நோய்.

டேப்பட் கவர் ஓரம், ஃபில்டர், ஆயில் சேம்பர் என்று எல்லா இடத்திலும் பவுடரைத் தூவினார். ஈரம் பட்ட இடம் காட்டிக் கொடுத்துவிடும்.

"நான்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கிட்டதில்லை," என்றாள் அவள். கணவன் சிரிக்கவில்லை.

எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை நாலு தெரு சுற்றிவரச் சொன்னார். வந்ததும் டார்ச்சோடு அடியில் நுழைந்தார். பவுடர் போட்டது போட்டபடி வெள்ளை வெளேரென்று இருந்தது. புது அட்டை ஒன்றை விரித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அட்டையில் மறுபடியும் எண்ணெய்.

அவள் டீ போட உள்ளே போயிருந்தாள். டாக்டர் அடியில் நுழைந்து பார்த்தார். பவுடரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வெளியே வந்து அட்டையிலிருந்த எண்ணெயை விரலால் தொட்டுத் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். தேன் நிறம். பிறகு எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். அளவு கொஞ்சமும் இறங்கவில்லை. கம்பியில் ஒட்டியிருந்தது மை மாதிரி கறுப்பு.

டாக்டர் மெல்லத் தலையைத் திருப்பினார். கணவன் வானத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, எஞ்சினுக்குள்ள இருக்கறது கறுப்பு. கீழே சிந்தியிருக்கறது டப்பா உடைச்ச புது ஆயில். லாரியிலேர்ந்து எப்படிப்பா இது ஒழுகும்?"

அவன் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மெதுவா! அவ காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன்."

"மாமியார் வந்து தங்கறது பிடிக்கலைன்னா பொண்டாட்டிகிட்ட வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? ஒண்டியா இருக்கற பொம்பளையை இப்படியா காக்க வெப்பே? ஊர்ல என் பேரு வேற நாறுது!"

"நேரா சொன்னா அவ அழுவா அண்ணே."

"அழட்டும்! நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்." டாக்டர் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் வெளிறியது. டாக்டர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். திரையில் 'அத்தை' என்றிருந்தது.

"எடு. ஸ்பீக்கர்ல போடு. லாரி இன்னிக்கே கிளம்புதுன்னு அந்தம்மாகிட்ட நானே சொல்றேன்."

வேறு வழியில்லாமல் போட்டான்.

முதலில் கேட்டது நாலைந்து பெண்களின் சிரிப்பு. அதற்கு நடுவே கேரம் காய்கள் சடசடவென்று சிதறுகிற சத்தம். "அக்கா, அடுத்த ஆட்டம் உங்களுது! சீக்கிரம் வாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

பிறகு மாமியாரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"மாப்பிள்ளை, அவ பக்கத்துல இல்லையே?"

"இல்லை அத்தை."

"அப்ப எண்ணெய் போதும், நாளைக்கு டயர்ல காத்தை இறக்கிடுங்க!"