நீலம் கலக்காத சட்டை

"அப்பா நீலச் சட்டையே போட்டதில்லைடா," என்கிறாள் அக்கா, மூன்றாவது முறையாக. அப்பா போய் ஒரு வருஷம். நாளை அவரை வரைந்த படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும். ஓவியனான தம்பி வண்ணத்தட்டை நீட்டிக் காட்டுகிறான். கறுப்பும் வெள்ளையும் குழைத்த சாம்பல்தான் இருக்கிறது, நீலம் ஒரு பொட்டுகூட இல்லை. காகிதத்தில் ஓட்டை போட்டுப் படத்தின்மேல் வைக்கிறான். ஓட்டைக்குள் சட்டை சாம்பலாகவே தெரிகிறது. காகிதத்தை எடுத்ததும், படத்தில் அப்பாவுக்குப் பின்னால் தீட்டிய ஆரஞ்சுச் சுவர் அதை மறுபடி நீலமாக்கிவிடுகிறது. "பாத்தியா?" என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு நாள் பார்த்துப் பார்த்துப் பூசிய அந்தச் சுவரின்மேல் மங்கிய பழுப்பை இழுக்கிறான். சட்டை மெல்ல அடங்கிச் சாம்பலாகிறது. அக்காவுக்குக் கண் கலங்குகிறது. "இதுதான் அப்பா. சட்டையை மாத்துன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்." சட்டையைத் தொடவே தொடாத தம்பி, தூரிகையைக் கழுவப் போகிறான்.