சீட்டு வாங்காதவர்கள்

விற்கவிருந்த சலவைக் கடைக்கு மதிப்புப் போட வந்த ஆடிட்டர், மெஷின்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் ஓடித் தேஞ்சது சார். பழைய இரும்பு விலை போடுங்க, போதும்," என்றார் கடைக்காரர்.

"அப்பா, சும்மா இருங்க!" மகள் சீறினாள். "சார், கொஞ்சம் வாசலைப் பாருங்க. சீட்டுகூட வாங்காம துணியைக் கொடுத்துட்டுப் போறாங்க. அந்த நம்பிக்கைக்கு விலை கிடையாதா?"

ஆடிட்டர் பார்த்தார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு சூட்டை மேஜையில் வைத்த ஒருவர், சீட்டு கேட்காமலே கிளம்பிப் போனார். மெஷின்களின் விலைக்கு மேல் இன்னும் அதே அளவு தொகையைச் சேர்த்தார் ஆடிட்டர்.

கடைக்காரர் பதறினார். "வாங்குறவங்க தலையில இவ்வளவு பாரத்தை ஏத்தலாமாம்மா?"

"தாராளமா ஏத்தலாம்!"

"இப்படி ஒரு பொண்ணு இருந்தா விக்கிறவருக்கு என்ன கவலை!" ஆடிட்டர் சிரித்தார். "சரி, வாங்குறவர் எப்ப வருவார்?"

மகள் கைப்பையைத் திறந்து செக் புத்தகத்தை எடுத்தாள்.

"வந்தாச்சு சார். நான்தான் வாங்குறேன். அப்பா கடையை அடிமாட்டு விலைக்கு அமுக்கிட்டேன்னு நாளைக்கு யாரும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக்கூடாது."

அதுவரை கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த கடைக்காரர் நிமிர்ந்தார்.

"சார், இன்னும் கொஞ்சம் ஏத்திப் போடுங்க. என் பொண்ணு தாங்குவா!"