முதலில் பேசக்கூடாது

"அந்த ஆளோட மாமியார் முன்னாடியா ஹலோ சொன்ன?"

"மாமியார்னு எனக்கு எப்படித் தெரியும், வெர்னா? கடையில சீஸ் வாங்க நின்னேன். பக்கத்துல அவர் நின்னார். தெரிஞ்ச முகமாச்சேன்னு வாயில தானா வந்துடுச்சு."

"ஹலோவோட விட்டியா?"

மார்னி தலையைக் குனிந்துகொண்டாள். "'வியாழக்கிழமை பார்க்கலாம்'னும் சொன்னேன்."

வெர்னா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குடியிலும் போதையிலும் சிக்கியவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்கு, சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளைத் தயார் செய்து சான்றிதழ் வாங்க வைப்பது அவர் பொறுப்பு. அவரும் பல வருஷமாக அதே ஆலோசனை வேலை பார்த்தவர்தான். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் மாட்டுப் பண்ணைகளுக்கு அடுத்தபடியாக மதுக்கடைகள்தான் அதிகம். அதனால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

"வியாழக்கிழமை பந்து உருட்டுற பௌலிங் ஆடப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு இங்க ஆலோசனைக்கு வந்துட்டிருந்தார், பாவம். மாமியார்க்காரி கடையை விட்டு இறங்குறதுக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. இனிமே வரமாட்டேன்னு போன் பண்ணிட்டார்."

"நான் மரியாதைக்குத்தான்..."

"உன் மரியாதையைத் தூக்கிக் குப்பையில போடு. வெளியில பார்த்தா, நீ அவங்களை ஜென்மத்துல பார்த்ததே இல்ல. அவங்களா பேசினா பேசு, இல்லன்னா மரம் மாதிரி நில்லு. எத்தனை வருஷம் ஆனாலும் இதேதான். இதுல தேறாதவங்களுக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல."

கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் வேலை இல்லை. மார்னி அந்தப் பனிக்காலம் முழுவதும் வெர்னாவின் மேற்பார்வையில் மறுபடியும் பயிற்சி எடுத்தாள். கடைத்தெருவில் தரையைப் பார்த்தே நடந்தாள். சொந்தச் சித்தியையே கண்டுகொள்ளாமல் போய், வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பனி கரைந்தபோது பயிற்சியும் ஒருவழியாக முடிந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கேக்கும் காபியுமாக ஒரு சின்ன விழா. வீட்டு மனிதர்களையும் அழைத்து வரலாம் என்றார்கள்.

மார்னிக்கு வீட்டு மனிதர் என்றால் அப்பா மட்டும்தான். அம்மா விட்டுப் போன பிறகு, பால் டேங்கர் ஓட்டி அவளை வளர்த்துப் படிக்க வைத்தவர். பெயர் டுவெய்ன்.

"நான் எதுக்குக் கண்ணு அங்கெல்லாம்? பால் காத்துட்டிருக்காது" என்று நழுவப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு வேற யாராவது ஓட்டட்டும். நீங்க வரலைன்னா நானும் போகல" என்று மார்னிதான் இழுத்து வந்தாள்.

விழாவில் வெர்னா வேறு மனுஷியாக இருந்தார். ஒரு மாணவனின் அம்மாவிடம் கேக்கை எப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்தார். இன்னொருத்தியின் அண்ணனைப் பிடித்து, "மான் வேட்டைக்குப் போனியாமே, மானுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று சீண்டினார்.

டுவெய்னை மட்டும் தாண்டிப் போனார். காபி எடுக்கப் போகும்போதும் தாண்டினார், திரும்பும்போதும் தாண்டினார். டுவெய்னும் கேக் தட்டோடு சுவரோரம் நின்று தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்னி அதையே கவனித்துக்கொண்டிருந்தாள். என் மேல் இருக்கும் கோபத்தை அப்பா மேல் காட்டுகிறாரா? இல்லை, பால் வண்டிக்காரர்தானே என்ற இளப்பமா? விழா முடிந்த பிறகுதான் கையெழுத்து கைக்கு வரும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முடியவில்லை.

வெர்னாவைச் சமையலறை வாசலில் மடக்கினாள்.

"நீங்க கையெழுத்துப் போடலைன்னாலும் போகுது. எல்லார் வீட்டு ஆளுங்ககிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறீங்க. எங்க அப்பா மட்டும் என்ன பாவம் பண்ணினார்?"

"கையெழுத்தைக் காலையிலேயே போட்டுட்டேன்."

"நான் அதைக் கேட்கல. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து ஒரு வாய் பீர் குடிக்காத மனுஷன் அவர். இந்த ஊர்ல அப்படி இன்னொருத்தரைக் காட்டுங்க பார்க்கலாம். அவரைப் போய் யாரோ மூணாம் மனுஷன் மாதிரி..."

வெர்னா சுவரோரம் ஒரு பார்வை பார்த்தார்.

"கவனிக்கல. தப்பு என் மேலதான்."

தன் மேல் தப்பு என்று வெர்னா ஒப்புக்கொண்டதை அந்தக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. மார்னிக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அப்ப வாங்க, நானே அறிமுகப்படுத்தறேன்."

"இப்ப வேண்டாமே, மார்னி."

"இப்பவேதான்."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போய் நிறுத்தினாள். "அப்பா, இவங்கதான் வெர்னா. எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தவங்க."

வெர்னா கை நீட்டினார். "உங்களைச் சந்திச்சதுல சந்தோஷம்" என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

டுவெய்ன் கேக் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நாளாச்சு, வெர்னா" என்றார். "இந்தத் தடவையும் நான்தான் முதல்ல ஹலோ சொல்லணுமா?"