காக்கையின் சந்தேகம்

மீன்கடை நாய் மீனைத் தொடாது என்று சந்தையே மெச்சியது. காக்கைக்கு மட்டும் நம்பிக்கையில்லை. “எல்லாம் நடிப்பு! என்றைக்காவது மாட்டாமலா போகும்?” என்று பசியையும் மறந்து எதிர்க்கூரையிலேயே காவல் கிடந்தது.

மழைக்காலம் முடிந்தும் நாய் மாட்டவில்லை. காக்கை பொறுக்கமாட்டாமல் இறங்கி வந்தது. “உண்மையைச் சொல்லு. நடிக்கிறேதானே?”

“ஆமாண்ணே,” என்றது நாய். “வந்த நாள்லேர்ந்து நடிப்புதான். இப்போ நிறுத்துறது எப்படின்னுதான் மறந்துபோச்சு.”

“அப்படி வா வழிக்கு!” என்று காக்கை துள்ளியது.

அப்போது மீன்காரம்மா பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்: “நாயை விடுக்கா, இந்தக் காக்கையைப் பாரு. முந்தியெல்லாம் கூடையில பாய்ஞ்சு கொத்திட்டுப் போகும். இப்போ ஒரு நெத்திலியைக்கூடத் தொடுறதில்ல. எவ்வளவு நல்ல காக்கை!”

காக்கை தன் அலகையே சந்தேகமாகப் பார்த்தது.