பதினேழாவது இலக்கம்

பஜ்ஜித் தட்டோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்ததுமே நித்தீஷுக்குத் தெரிந்துவிட்டது, பெண் பார்க்க வீடு மாறி வந்திருக்கிறோம் என்று. இரண்டு வாரமாகப் போனில் பார்த்து வைத்திருந்த ஜனனி இவள் இல்லை.

அப்பா மகுடேஸ்வரன் அதைக் கவனிக்கவில்லை. சர்க்கரை போடாத காபியை ஒரு வாய் உறிஞ்சி, "நம்மூட்டுக் காபி மாதிரியே இருக்குதுங்க" என்று மெச்சிக்கொண்டிருந்தார்.

நித்தீஷ் அவர் காதோரம் குனிந்தான். "அப்பா, இது ஜனனி இல்லீங்க."

அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. வீட்டுக்காரர் சாமியப்பன் திகைத்தார். "ஜனனியா? என்ற புள்ள பேரு தேஜஸ்ரீங்க. நீங்க வர்றீங்கன்னு கல்யாண ஆப்புலதானுங்க மெசேஜ் வந்துச்சு."

மகுடேஸ்வரன் போனை எடுத்து நீட்டினார். முந்தாநாள் அதே ஆப் அனுப்பிய விலாசம். அவிநாசிபாளையம், இதே வீடு.

பனியன் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதும் நித்தீஷுக்கு விஷயம் பிடிபட்டது. "ஒவ்வொருத்தருக்கும் பதினேழு இலக்கத்துல ஒரு நம்பர் இருக்குதுங்க. சர்வர்ல ஓடற மொழி ஜாவா, அது நம்பர முழுசா வெச்சுக்கும். போன்ல ஓடறது ஜாவாஸ்கிரிப்ட். அத்தாம்பெரிய நம்பர் அதுக்குத் தாங்காது. கடைசி இலக்கம் தானா மாறி, வேறொருத்தர் நம்பர் ஆயிரும். எங்க கம்பெனியிலயே பெட்டி நம்பர் இப்படி மாறி, குழந்தைங்க ஜட்டி போக வேண்டிய எடத்துக்குப் பெரியவங்க ஜட்டி..."

பெண் வீட்டில் பேசும் பேச்சா இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டுமே ஜாவான்னுதானடா சொல்ற?" என்றார் மகுடேஸ்வரன்.

"பேரு மட்டுந்தானுங்கப்பா ஒண்ணு."

"ஒரு நெம்பரு மாறுனதுக்குப் பொண்ணே மாறிப்போச்சா? நல்லா இருக்குது உங்க படிப்பு." அவர் எழுந்து சாமியப்பனைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கோணுமுங்க. நாங்க பொறப்படறோம்."

அப்போதுதான் தேஜஸ்ரீ வாயைத் திறந்தாள். "நம்பர நம்பரா அனுப்பாம எழுத்தா அனுப்பியிருந்தா இந்தத் தொந்தரவே இல்லீங்களே."

நித்தீஷின் வாய்க்குப் போன பஜ்ஜி பாதியில் நின்றது. கம்பெனியில் அவன் தொண்டை வறளக் கத்தியும் யார் காதிலும் ஏறாத வாக்கியம் அது. அவளை நிமிர்ந்து பார்த்தான். ஜனனியின் முகம் எப்படி இருந்தது என்பது சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்பா, கொஞ்சம் உக்காருங்க. நான் இவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசோணும்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சாமியப்பன் புறக்கடைப் பக்கம் கைகாட்டினார். பக்கத்து ஷெட்டில் தையல் மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நித்தீஷ் ஆப்பிலிருந்தே ஆரம்பித்தான். "அத எழுதுனவன் சரியான அரைவேக்காடா இருப்பானுங்க."

"எழுதுனது நாந்தானுங்க."

அவனுக்குக் காது மடல் சுட்டது. சமாளித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு நல்லதுதான் நடந்திருக்குது. ஆனா சீக்கிரம் சரி பண்ணீருங்க, இன்னொருத்தரும் இப்படி ஊடு மாறிப் போயிறக் கூடாதுல்லீங்க?" என்றான்.

தேஜஸ்ரீ தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"அதப் போன மாசமே சரி பண்ணிட்டனுங்க."