கடைசி பங்களா

எண்ணூர் மணல்வெளியில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாக்களை வாடகைக்குக் காட்டிக்கொண்டு வந்தான் காவல்காரன் அத்தாவுல்லா. டோரதிக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"பக்கத்துல ஆளு கீது. வேணாம்."

"இங்கேர்ந்து கடலு தெரியும்மா."

"கடலு யாருக்கு வோணும்? எங்க பேச்சு ஒருத்தன் காதுலயும் வுழக்கூடாது!"

அவள் புருஷன் பாஸ்கல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னாய்யா முழிக்கிற? நட!" என்று அவள் போட்ட கத்தலில் காக்கைகள் பறந்தன.

அத்தாவுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "தனியா இட்டாந்து இந்த மன்சனை அடிக்கப் போறியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"உன் வேலையைப் பாரு!"

கடைசி பங்களாவைச் சுற்றி வெறும் மணல். அவனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள் டோரதி.

"கப்பல்ல துரு தட்டித் தட்டியே இவருக்குக் காது பூட்ச்சி. கத்துனாதான் கேக்கும். ராயபுரத்துல எங்களுது வரிசை வூடு. நான் வாயைத் தொறந்தா தெருவே சிரிக்குது. போதுமா? போ!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அத்தாவுல்லா மணலில் வெகுதூரம் நடந்த பிறகும் அவள் குரல் துரத்திக்கொண்டு வந்தது.

"யோவ்! உம்மேல எனக்கு எம்மாம் ஆசை தெரியுமாய்யா?"

அத்தாவுல்லா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.