அனுப்பிவைத்த நோயாளி

காலை எட்டு மணிக்கே டெஸ்மண்ட் ஆக்ராய்ட் கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டார்.

"தொண்டை வலிம்மா. முழுங்கவே முடியல."

"போன மாசம் மூக்கடைப்பு, அதுக்கு முந்தி பூச்சிக்கடி," என்றாள் வரவேற்பில் இருந்த பெரில். "இதுக்கெல்லாம் டாக்டர் எதுக்கு? எழுதி அனுப்பிடறேன், மருந்துக்கடையில போய்க் காட்டுங்க. அங்க மருந்தாளுநரே பாத்து மருந்து குடுத்துடுவாங்க."

"டாக்டரே பாத்தா நல்லாருக்குமே?"

"சின்னச் சின்ன நோவெல்லாம் இப்ப அங்கதான். கோவிச்சுக்காதீங்க."

டெஸ்மண்ட் கோபித்துக்கொள்ளவில்லை. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மழையோடு மழையாக பஸ் ஏறினார்.

மருந்துக்கடையின் உள்ளறையில், மருந்தாளுநர் லோர்னா அவர் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தாள்.

"வாயைத் திறங்க, மிஸ்டர் ஆக்ராய்ட்."

திறந்தார். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தாடைக்கடியில் விரலால் மெல்ல அழுத்தினாள். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"தொண்டையில ஒண்ணுமில்ல."

"தெரியும்," என்றார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, அவள் விரும்பி மணந்தவனை வாசலிலேயே நிறுத்தி விரட்டியவர் அவர். அன்றிலிருந்து மகள் அவர் போனை எடுப்பதில்லை. ஒருமுறை கடைக்கு நேரே வந்தபோது, உதவியாளரிடம் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கிளினிக் அனுப்புகிற நோயாளியை மட்டும் அவளேதான் பார்த்தாக வேண்டும்.

லோர்னா விளக்கை அணைத்து வைத்தாள்.

"வியாழக்கிழமை மறுபடி வந்து காட்டுங்க."

"ஒண்ணுமில்லன்னு சொன்னியேம்மா?"

"ஆமா." அவள் இப்போது அவர் முகத்தைப் பார்த்தாள். "பெரில்கிட்ட இனி பொய் சொல்ல வேணாம். நேரா வாப்பா."